காசு நெக்குக்கு, பிறகுதான் மரத்துக்கு

கைவினை பேஸ் கிட்டார் மீதான ஆசை பெரும்பாலும் ஒரு புகைப்படத்தில்தான் தொடங்குகிறது. அலையலையாக வரி ஓடும் மேப்பிள் முகப்பு, கண்ணாடிபோல் மெருகேறிய பாடி, தங்க முலாம் பூசிய ட்யூனர்கள். நியூயார்க்கிலோ ஜெர்மனியிலோ உள்ள பெயர்பெற்ற பட்டறைகளில் விலை விசாரித்தால் ஐயாயிரம் டாலர் என்பது சாதாரணம். பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு கொடுப்பவர் கையில் என்ன வந்து சேர்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. என் கணக்கில், கொடுத்த பணத்துக்கு ஈடான சரக்கு நெக்கில் இருக்கிறது. அதன் விறைப்பு, அதன் நீளம், ஃப்ரெட் வேலையின் நேர்த்தி, வாசிப்பவர் கைக்கு ஏற்ற அகலம், இவை நான்கும் வாசிப்பை மாற்றும். முகப்பு மரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை கண்ணுக்கானது. கண்ணுக்குச் செலவழிப்பதில் குற்றமொன்றும் இல்லை. காதுக்குச் செலவழிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு கொடுத்தால்தான் பின்னால் வருத்தப்பட நேரிடும்.

இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரெசிஷன் பேஸ், தொழிற்சாலையில் விரைவாகச் செய்வதற்கென்றே யோசித்து வடிவமைத்த கருவி. நெக் தனி, பாடி தனி. இரண்டையும் திருகால் இணைத்துவிடலாம். கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். 1960இல் வந்த ஜாஸ் பேஸும் அதே நீளம்தான். நான்கு கம்பிக்கு அந்த வடிவம் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் இன்றுவரை அதுவே அளவுகோல். அது போதாமல் போன இடங்களில்தான் தனிப் பட்டறைகள் முளைத்தன. கிரேட்ஃபுல் டெட் குழுவைச் சுற்றி 1969இல் உருவான அலெம்பிக், மேடையில் தெளிவான ஒலி கிடைக்கவில்லை என்ற குறையிலிருந்து கிளம்பி, கருவிக்குள்ளேயே மின்னணுச் சுற்றை வைத்தது. பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்கு வழக்கமான E கம்பிக்குக் கீழே இன்னொன்றும் G கம்பிக்கு மேலே இன்னொன்றும் வேண்டியிருந்தன. கைவினைஞர் கார்ல் தாம்ப்சன் 1975இல் அவருக்கு ஆறு கம்பிக் கருவியைச் செய்து கொடுத்தார். ரோஜர் சடோவ்ஸ்கி 1979இல் நியூயார்க்கில் பட்டறை திறந்தபோது பழைய ஃபெண்டர்களைச் சரிசெய்து மேம்படுத்துவதே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. புரூக்ளினில் வின்னி ஃபொடேராவும் ஜோயி லாரிசெல்லாவும் 1983இல் ஃபொடேரா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இவர்களிடம் போன வாசிப்பாளர்கள் அழகான மரம் கேட்டுப் போகவில்லை. கடையில் கிடைக்கும் கருவியால் தீராத ஒரு சிக்கலோடு போனார்கள். கைவினை பேஸ் வாங்கப் போகிறவரும் முதலில் தன்னிடம் அப்படியொரு சிக்கல் உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஐந்து கம்பி வாசிப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் கீழ் B கம்பிதான். அதன் அடிப்படை அதிர்வெண் சுமார் 31 ஹெர்ட்ஸ். E கம்பிக்கு 41. பெரும்பாலான பேஸ் கேபினெட்டுகள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகத் தளர்ந்துவிடும். அப்படியானால் அந்த ஸ்வரத்தை நாம் எப்படிக் கேட்கிறோம்? அடிப்படையின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களில் ஒலிக்கும் மேலொலிகளைக் கேட்டு, இல்லாத அடிப்படையை மூளையே நிரப்பிக்கொள்கிறது. இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகளைக் கையகல டிரான்சிஸ்டரில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து 41 ஹெர்ட்ஸ் வந்திருக்கவே முடியாது. ஆக, B கம்பி தெளிவாகக் கேட்பதும் கொழகொழவென்று குழம்புவதும் அதன் மேலொலிகள் எவ்வளவு ஒழுங்காக அமைகின்றன என்பதைப் பொறுத்தது. தடித்த கம்பி, கம்பிபோல நடந்துகொள்ளாமல் ஓரளவு இரும்புத் தடிபோல நடந்துகொள்ளும். அதன் மேலொலிகள் சரியான மடங்குகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே நழுவும். இந்த நழுவலைக் குறைக்க எளிய வழி நீளம். ஒரே கம்பியை அதே சுருதியில் 34 அங்குலத்துக்குப் பதில் 35 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும், மேலொலிகளின் நழுவல் சுமார் 11 சதவீதம் குறையும். 36 அங்குலத்தில் நழுவல் 20 சதவீதமும், 37இல் ஏறத்தாழ 29 சதவீதமும் குறையும். ஃபொடேரா ஜாக்சனுக்குச் செய்த ஆறு கம்பிக் கருவி 36 அங்குலமாக நீண்டதும், கனடாவின் சாஸ்கட்டூனில் ஷெல்டன் டிங்வால் ஃப்ரெட்டுகளை விசிறிபோல் சாய்த்து B கம்பிக்கு 37, G கம்பிக்கு 34 என்று வைத்ததும் இந்தக் கணக்கால்தான். பாடி எந்த மரம் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

இதைக் கேட்டதும் நீளம் கூடக் கூட நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக் 30.75 அங்குலம்தான். நான்கே கம்பி, மேல் ஸ்தாயியில் வேகமான தனி வாசிப்பு என்ற அவருடைய தேவைக்கு அது வசதி. கீழ் B வேண்டாதவர் 36 அங்குலம் வாங்கினால் முதல் ஃப்ரெட்டை எட்டிப் பிடிக்கும் இடக்கைக்கு வலிதான் மிச்சம்.

நீளத்துக்கு அடுத்தது விறைப்பு. கம்பியை மீட்டியதும் அதன் ஆற்றல் இரு முனைகளிலும் கசியத் தொடங்குகிறது. பிரிட்ஜ் பக்கம் கனத்த பாடி. அங்கே கசிவு குறைவு. நெக் பக்கம் நீளமான, மெலிந்த மரம். அது தானும் ஆடுகிறது. நெக் இயல்பாக ஆட விரும்பும் அதிர்வெண்ணும் நீங்கள் வாசிக்கும் ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் ஒத்துப்போனால், கம்பியின் ஆற்றலை நெக் மடமடவென்று உறிஞ்சிவிடும். ஸ்வரம் பிறந்த வேகத்தில் செத்துப்போகும். இதைத்தான் டெட் ஸ்பாட் என்கிறார்கள். ஃபெண்டர் பாணிக் கருவிகளில் G கம்பியின் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வரையுள்ள பகுதி இதற்குப் பேர்போனது. அதாவது சுமார் 131 முதல் 147 ஹெர்ட்ஸ் வரை. ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஃபிளைஷர் கிட்டாரிலும் பேஸிலும் நெக்கின் ஆட்டத்தை அளந்து, டெட் ஸ்பாட்டுக்குக் காரணம் அதுதான் என்று காட்டினார். இதை நீங்களே சோதிக்கலாம். ஆம்ப் இல்லாமல் G கம்பியின் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரே அழுத்தத்தில் மீட்டி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். சட்டென்று அடங்கும் ஸ்வரம் அகப்பட்டால் ஹெட்ஸ்டாக்கை ஒரு கனமான மரக்கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி மீட்டுங்கள். அதே ஸ்வரம் இப்போது நீண்டு ஒலித்தால் குற்றவாளி நெக்தான்.

கைவினைப் பட்டறைகளின் உழைப்பில் கணிசமான பகுதி இந்த ஆட்டத்தை அடக்குவதற்கே போகிறது. மேப்பிளையும் வெங்கேயையும் மூன்று அல்லது ஐந்து பட்டைகளாக அறுத்து, ரேகை எதிரெதிராக அமையும்படி ஒட்டுகிறார்கள். உள்ளே, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடின் இரு பக்கமும் கார்பன் ஃபைபர் தண்டுகளைப் பதிக்கிறார்கள். ஜெஃப் கோல்டின் மாடுலஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியிலேயே நெக்கிலிருந்து மரத்தைத் துரத்திவிட்டுக் கிராஃபைட்டுக்குப் போனது. நெட் ஸ்டைன்பெர்கர் இன்னும் ஒரு படி மேலே போய் ஹெட்ஸ்டாக்கையே வெட்டி எறிந்தார். முனையில் தொங்கும் எடை போனதால் நெக்கின் ஆட்டமும் மாறியது. மர நெக்கில் டெட் ஸ்பாட்டை முழுதாக ஒழிக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல கைவினைஞர் அதைத் தொந்தரவில்லாத இடத்துக்குத் தள்ளுவார், வீரியத்தைக் குறைப்பார். ‘எங்கள் கருவியில் டெட் ஸ்பாட்டே கிடையாது’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால் நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

இங்கே மரத்தின் பக்தர்கள் குறுக்கிடுவார்கள். ஆல்டர் ஒரு மாதிரி, ஆஷ் ஒரு மாதிரி, மஹோகனி இன்னொரு மாதிரி ஒலிப்பதைக் காதால் கேட்கிறோமே என்பார்கள். மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. காந்தப் பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை மட்டும்தான். மரம் அந்த அசைவை எவ்வளவு மாற்றுகிறதோ அவ்வளவே அதன் பங்கு. அப்படி மாற்றும் வாய்ப்பு மெலிந்த நெக்குக்கு அதிகம், கனத்த பாடிக்குக் குறைவு, பாடியின் மேல் ஒட்டிய சில மில்லிமீட்டர் முகப்புக்கு மிகக் குறைவு. பிக்கப்பைப் பிரிட்ஜிலிருந்து ஒரு அங்குலம் நகர்த்தினாலோ, ரவுண்ட்வவுண்ட் கம்பியைக் கழற்றி ஃபிளாட்வவுண்ட் போட்டாலோ வரும் மாற்றம் இதைவிடப் பெரியது. விலையும் பெயரும் தெரிந்தபின் காது நடுநிலையாக இருக்காது என்பதற்கும் சான்று உண்டு. கிளாடியா ஃபிரிட்ஸும் ஜோசஃப் கர்ட்டினும் அவர்களுடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பத்து தனிவாசிப்பு வயலின் கலைஞர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு பன்னிரண்டு வயலின்களை வாசித்தார்கள். அவற்றில் ஸ்ட்ராடிவாரியஸும் இருந்தன, புதியவையும் இருந்தன. எது பழையது, எது புதியது என்று அவர்களால் நம்பிச் சொல்ல முடியவில்லை. அதிகம் பேர் விரும்பியதும் புதியவற்றைத்தான். மரம் நேரடியாகக் காற்றை அதிரவைக்கும் வயலினிலேயே இதுதான் நிலைமை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மோட்டவுன் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது தொழிற்சாலையில் செய்த 1962 பிரெசிஷன் பேஸ். கம்பிகூட அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். ஜாக்கோ பாஸ்டோரியஸின் கருவியும் சாதாரண ஜாஸ் பேஸ்தான். பேஸ் வாசிப்பின் இலக்கணமே இப்படி எழுதப்பட்டிருக்கும்போது கைவினைக் கருவி எதற்கு? ஜேமர்சன் விஷயத்தில் இந்த மறுப்பை முழுதாக ஏற்கலாம். நான்கு கம்பி, ஃபிளாட்வவுண்ட், பாட்டுக்குள் அடங்கி ஒலிக்கும் ஸ்வரம் என்றால் நல்ல பிரெசிஷனுக்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. ஜாக்கோவின் கதை வேறு. அவருடைய கருவியில் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ஃபிங்கர்போர்டின் மேல் எபாக்ஸி பூசியிருந்தது. பாடும் குரல்போன்ற அந்தத் தனித்த ஒலிக்குக் காரணம் கையும் அந்தப் பூச்சும். அதாவது தொழிற்சாலைக் கருவிக்கு நெக்கில் நடந்த கைவேலை. அவருடைய உதாரணம் என் வாதத்துக்குத்தான் துணை வருகிறது.

கையால் செய்தது என்ற சொல்லுக்கும் மயங்கிவிடக் கூடாது. இன்று கைவினைப் பட்டறைகள் பலவற்றிலும் கணினி இயக்கும் அறுப்பு இயந்திரம் உண்டு. பாடியையும் நெக்கையும் அது வெட்டும். ஃப்ரெட்டுகளைச் சமன்செய்யக்கூட பிளெக் என்ற ஜெர்மன் இயந்திரம் இருக்கிறது. ஆசியத் தொழிற்சாலைகளிலும் அதே வகை இயந்திரங்கள் ஓடுகின்றன. அங்கிருந்து வரும் ஐந்து கம்பிக் கருவிகள் பல இப்போது நன்றாகவே இருக்கின்றன. வித்தியாசம் வெட்டிய பிறகு வருகிறது. நெக்கைக் கரடாக வெட்டி வாரக்கணக்கில் ஆறப்போட்டு, அது முறுகுகிறதா என்று பார்த்து, மறுபடி சீவி, மறுபடி ஆறப்போட ஒரு தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. முறுகிய நெக்கைத் தூக்கி ஓரமாய்ப் போட்டுவிடும் துணிச்சலுக்கும் சேர்த்துத்தான் கைவினைஞர் விலை சொல்கிறார். ஆகவே ‘கையால் செய்தீர்களா’ என்று கேட்பதைவிட ‘நெக்கை எத்தனை முறை ஆறப்போடுவீர்கள், எவ்வளவு காலம்’ என்று கேட்பது பயனுள்ளது. தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்கு ஆர்வமாகப் பதில் சொல்வார்.

கருவி கைக்கு வந்ததும் முதல் சோதனையும் நெக்கில்தான். கண்ணைப் பாடிப் பக்கம் வைத்து, துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல ஹெட்ஸ்டாக் நோக்கி ஓரமாகப் பாருங்கள். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் இரு விளிம்புகளும் இணையாக இராது. அடுத்து E கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தி, எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன், ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், இருந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றாலோ கார்டு தாராளமாக ஆடினாலோ ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியும் நெக் அசையவில்லை என்றால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும்படி இறக்கிவைத்து, எல்லா ஃப்ரெட்டிலும் மெல்ல வாசித்துப் பாருங்கள். பல்லாயிரம் ரூபாய்க் கருவியில் ஓரிடத்தில் கரகரப்பு வந்தால் மன்னிக்கலாம். பல லட்சம் ரூபாய்க் கருவியில் கூடாது.

செய்யச்சொல்லி ஆர்டர் கொடுப்பவர் மரத்தின் பெயருக்கு முன்னால் அளவுகளை எழுதிக்கொடுக்க வேண்டும். பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி இடைவெளி 19 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டர் வழக்கம். ஸ்லாப் வாசிப்பவருக்கு அது சௌகரியம். 16.5 மில்லிமீட்டர் என்றால் விரலால் வேகமாகக் கம்பி தாண்டுபவருக்கு லாபம், கட்டைவிரலுக்கு நெருக்கடி. இப்போது வாசிக்கும் கருவியை அளந்து, அதில் எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது என்று எழுதினாலே போதும். எடையையும் எழுதுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரியில் நின்று வாசிப்பவருக்கு நான்கு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளில் தெரியும். உள்ளே குடைந்து எடை குறைத்த பாடியைச் சடோவ்ஸ்கி போன்றவர்களே விரும்பிச் செய்கிறார்கள். ஸ்ட்ராப் மாட்டிக் கையை எடுத்ததும் ஹெட்ஸ்டாக் கீழே இறங்கினால், முழு நேரமும் இடக்கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க நேரிடும். மேல் கொம்பு பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை நீண்டிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. மின்னணுச் சுற்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: பேட்டரி தீர்ந்தால் பாஸிவ் முறையில் ஒலி வருமா? வராது என்றால் கச்சேரிப் பையில் எப்போதும் புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கட்டும். கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் வசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க, ஐரோப்பியப் பட்டறைகளில் மரத்தைச் சுமார் 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் செதுக்குகிறார்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் போவது சர்வ சாதாரணம். மரம் ஈரம் குடித்து உப்பும், ஏசியில் காய்ந்து சுருங்கும். சுருங்கும்போது ஃப்ரெட்டின் உலோக முனைகள் விளிம்பில் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். ஈரத்தைவிடவும் கெடுதல் செய்வது, பகலில் திறந்த ஜன்னல், இரவில் ஏசி என்று மாறி மாறி வரும் இந்த ஏற்ற இறக்கம். வாசிக்காத நேரத்தில் கருவியை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடும் சின்ன ஈரமானியோடும் வையுங்கள். வெளியூரிலிருந்து வந்த கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே செட்அப் செய்யாமல், இரண்டு வாரம் உள்ளூர்க் காற்றுக்குப் பழகவிட்டு, அதன் பிறகு ட்ரஸ் ராடைத் தொடலாம்.

கடைசியாகக் காகித விவகாரம். ஃபிங்கர்போர்டுக்கு உலகமெங்கும் பயன்படும் இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமில்லை, நீலகிரி, வயநாட்டுப் பக்கம் வளரும் நம் தோதகத்திதான்; ஈட்டி என்றும் சொல்வோம். அது சேர்ந்த பேரினம் முழுவதையும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மன் பேஸ் நிறுவனமான வார்விக் போன்றவர்கள் விரும்பிய புபிங்கா மரமும் அப்போது சேர்ந்தது. இசைக் கலைஞர்களும் கருவி செய்பவர்களும் எதிர்ப்புத் தெரிவித்த பின், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. 1992 முதல் கடுமையான பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அந்த மரம் உள்ள கருவியோடு எல்லை தாண்டுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எனவே நெக், ஃபிங்கர்போர்டு, பாடி, முகப்பு ஒவ்வொன்றும் எந்த மரம் என்பதைத் தாவரவியல் பெயரோடு பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் விற்க நேர்ந்தாலும் அந்தத் தாள் உதவும். விற்பனை என்று வரும்போது 36 அங்குலமும் ஆறு கம்பியும் உங்கள் கைக்கென்று அளந்த அகலமும் வாங்குபவர் கூட்டத்தைக் குறைத்துவிடும். 34 அல்லது 35 அங்குலம், நான்கு அல்லது ஐந்து கம்பி, 19 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஆள் கிடைப்பது எளிது. வித்தியாசமான அளவில் செய்யச் சொல்பவர் போட்ட பணம் முழுதாகத் திரும்பி வராது என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.